இடப்பக்கத்துக் கருப்பு

காலையில் வந்த முதல் ஆளுக்கு இடது சிறுநீரகம் தெரியவில்லை. ஸ்கேன் எடுப்பவள் கருவியை விலாவில் அழுத்தினாள், சாய்த்தாள், மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னாள். திரையில் வெறும் கருப்பு. கொஞ்ச நேரம் கழித்து, எங்கோ போயிருந்து திரும்பியதுபோல் அது வந்து நின்றது.

இரண்டாவது ஆளுக்கும் அப்படியே. அடுத்து வந்த சின்னப் பெண்ணுக்கும்.

"மெஷினுக்கு வயசாயிடுச்சும்மா, என்னை மாதிரி," என்றார் சக்கர நாற்காலி தள்ளும் அண்ணன். "ரெண்டு தட்டு தட்டினா வேலை செய்யும்."

"உங்களைத் தட்டத்தான் வீட்டுல ஆள் இருக்கேண்ணே."

அவர் போனதும் கதவைச் சாத்தி, தன் விலாவிலேயே ஜெல்லைத் தடவிப் பார்த்தாள். கருப்பு. இந்தக் கருப்புத் திரையை முன்பே பார்த்திருக்கிறோமே என்று அப்போதுதான் உறைத்தது. நேற்று, கடைசியாக வந்த தையல்காரியிடம். எவ்வளவு தேடியும் அவளுக்கு இடப்பக்கம் ஒன்றுமே வரவில்லை.

நினைத்த மாத்திரத்தில், திரையில் அவளுடைய சொந்தச் சிறுநீரகம் மெல்ல வந்து நின்றது. மேலே இருப்பவன் வேறு எப்படித்தான் நினைவூட்டுவான்?

நேற்று ஸ்கேன் முடிந்து தையல்காரி எழுந்ததும் ஜெல்லைத் தானே துடைத்துக்கொண்டு, விரிப்பையும் மடித்து வைத்தாள். "காலையிலேர்ந்து நிக்கிறியேம்மா, செத்த உக்காரு" என்றாள். அப்படி யாரும் இவளிடம் சொன்னதில்லை. கண் கலங்கி உட்கார்ந்தவள் அறிக்கையைத் திருத்த மறந்துபோனாள். அங்கே எல்லா அறிக்கையிலும் 'இரு சிறுநீரகங்களும் இயல்பு' என்று முன்பே அடித்திருக்கும். மாறுதல் இருந்தால் அழித்து எழுத வேண்டும். வலப்பக்கம் கல்லடைத்துப் பாதி கெட்டிருப்பதை எழுதினாள். இடப்பக்கம் 'இயல்பு' என்றே போய்விட்டது.

வெளியே ஓடினாள். "அண்ணே, தையல்காரக்கா எங்க?"

"இப்பத்தான் ஆபரேஷன் தியேட்டர்ல விட்டேன். கெட்ட கிட்னியை எடுக்கறாங்களாம். நல்லவேளை, இன்னொண்ணு இருக்காம்ல."

தியேட்டர் வாசலில் டாக்டர் கை கழுவிக்கொண்டிருந்தார்.

"டாக்டர், எடுத்துடாதீங்க. அவங்களுக்குப் பிறவியிலேயே ஒண்ணுதான்."

"ரிப்போர்ட்ல ரெண்டுன்னு இருக்கே?"

"பாத்தேன். எழுதல. தப்பு என்னோடது."

அவர் குழாயை மூடினார். "மெஷினைத் தள்ளிட்டு வா."

மேசைமேல் தையல்காரி அரைக்கண் மூடிக் கிடந்தாள். இடது விலாவில் கருவியை வைத்துக் காத்திருந்தார்கள். காலையெல்லாம் தாமதமாகவாவது வந்தது, இப்போது வரவேயில்லை.

"கல்லை மட்டும் எடுக்கப் பாக்கலாம்," என்றார் டாக்டர்.

"முடிஞ்சுதாம்மா?" என்றாள் தையல்காரி.

"ஆரம்பிக்கவே இல்லக்கா." அவள் கையைப் பிடித்துக்கொண்டு, ஒன்றையும் மறைக்காமல் தன் தவறைச் சொன்னாள்.

தையல்காரி கண்ணை மூடியபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு தன் வலது இடுப்பைத் தடவிக்கொடுத்தாள்.

"நாப்பது வருஷமா ஒண்டியா வேலை பாத்திருக்கு, பாவம்," என்றாள்.