லீவர் மேல் இருந்த கால்

பழியைத் தூக்கி என் தலையில் போடுவதென்றால் என் வீட்டுக்காரருக்கு அப்படி ஒரு சுறுசுறுப்பு. நாங்கள் இருவரும் ஓட்டும் பைக்கில் மூன்றாவது கியர் நிற்காமல் தெறிக்கிறது என்று நான் சொன்ன அன்றே தீர்ப்பு எழுதிவிட்டார். "கிளட்சப் பிடிக்காம கியர் மாத்துற. கியர் பாக்ஸையே நாசம் பண்ணிட்ட." சாவி அவர் சட்டைப் பைக்குள் போய்விட்டது.

வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து லேபில் கொடுப்பது என் வேலை. திங்கட்கிழமை வண்டியோடு வராவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்று சொல்லிவிட்டார்கள். அது தெரிந்தும் "பஸ்ல போ" என்கிறார் மனுஷன். பஸ் என்ன, நோயாளி வீட்டு வாசலிலா வந்து நிற்கும்?

இதில் கொடுமை என்னவென்றால், வண்டியைப் பிரித்த மெக்கானிக் என் கூடப்பிறந்த அண்ணன். கியரைத் தள்ளிக்கொடுக்கும் இரும்புக் கவை, ஃபோர்க் என்பார்கள், ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து நீலம் பாரித்துத் தட்டில் கிடந்தது. புதிதாக ஒன்றைப் போட்டு மூடிவிட்டான். எதனால் தேய்ந்தது என்று கேட்டால், "ரெண்டு பேரு ஓட்டுற வண்டி, அப்படித்தாம்மா" என்று பூசி மெழுகினான். மாப்பிள்ளை முகம் சுருங்கிவிடக் கூடாதாம்.

"அண்ணா, கிளட்ச் பிடிக்காம மாத்தினா எது தேயும்?"

"கியர்ல இருக்கிற பல்லு. முனை மழுங்கிடும்."

"மழுங்கியிருக்கா?"

துணியில் கையைத் துடைத்தான். துடைத்த கையையே மறுபடியும் துடைத்தான்.

"ஊமைக் கோட்டான் மாதிரி நிக்காத. மழுங்கியிருக்கா, இல்லையா?"

"இல்ல" என்றான், தரையைப் பார்த்து.

வீட்டுக்காரர் சிரித்தார். "இவ பெரிய இன்ஜினியரு. தள்ளுங்க மச்சான், நான் ஓட்டிப் பாக்குறேன்."

பட்டறை முற்றத்தில் எங்களைச் சுற்றி மெதுவாக வட்டமடித்துக்கொண்டே எனக்குப் பாடம் எடுக்க ஆரம்பித்தார். "நல்லாப் பாத்துக்க. கிளட்ச முழுசாப் பிடிக்கணும். மிதிக்கணும். விடணும்." எல்லாம் சரிதான். ஆனால் அவருடைய இடது கால் கியர் லீவரை அமுக்கியபடியே இருந்தது. ஒரு சுற்று வந்தார், இன்னொரு சுற்றும் வந்தார். கால் எழவே இல்லை.

"அண்ணா, அவர் காலப் பாரு."

அவன் ஏற்கெனவே அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். என் முகத்தையும் ஒருமுறை பார்த்தான். பிறகு தொண்டையைச் செருமினான்.

"மாப்ள, காலை எடுங்க."

"எந்தக் கால?"

"லீவர் மேல வச்சிருக்கீங்களே, அதை. அமுக்கிக்கிட்டே ஓட்டினா ஃபோர்க் கியர்ல ஒரசிக்கிட்டே இருக்கும். தேஞ்சது அதனாலதான்."

வண்டி நின்றது. நான் கையை நீட்டினேன். வீட்டுக்காரர் இறங்கிச் சாவியை என் கையில் வைத்தார். அதையாவது செய்தாரே.

"உனக்கு இது எப்பத் தெரியும்?" என்று அண்ணனைக் கேட்டேன்.

"பாக்ஸைத் தொறந்தப்பவே."

"என் வேலை போயிருந்தா?"

"மாப்ளகிட்ட எப்படிம்மா சொல்றது..."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே."

நான் வண்டியைக் கிளப்பினேன். கியரை மிதித்தேன், காலை எடுத்தேன். மூன்றாவது கியர் கல்லு மாதிரி நின்றது. கண்ணாடியில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்கள். வீட்டுக்காரரை அன்று ராத்திரியே திட்டித் தீர்த்துவிட்டேன். அண்ணனோடு இன்னும் பேசவில்லை.