சாம்பல் பூசிய மீன் கறி

என் வீட்டைத் திரையில் பார்த்து நானே அழுதுவிட்டேன். யாரோ ஒருத்தி முதுகைக் காட்டியபடி இருட்டு வீட்டில் நின்று சமைக்கிறாள், பாவம் என்று மனசு கரைந்தது. அவள் திரும்பியபோதுதான் உறைத்தது, அது நான்.

ஆயர் ஈத்தாம் பிளாட்டில் பத்தாவது மாடி என் வீடு. தீபாவளிக்கு நானே நாற்காலி மேல் ஏறிச் சுவருக்கு மாம்பழ மஞ்சள் அடித்திருந்தேன். படத்தில் அந்தச் சுவர் மழையில் நனைந்த அட்டைப்பெட்டி மாதிரி இருந்தது. என் முகமோ நீலம் பாரித்திருந்தது. அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். அடுத்து வந்தது என் மீன் கறி.

“தம்பி, நிறுத்து! அது என்ன, சட்டி கழுவுன தண்ணியா?”

சங்க அலுவலகத்தில் கணினி முன் உட்கார்ந்திருந்த யுகேந்திரன் நெளிந்தான். படம் எடுத்தவனும் அவன்தான், அதற்கு நிறம் கூட்டிக் குறைத்தவனும் அவன்தான். “கலர் கிரேடிங் அக்கா. மஞ்சள், சிவப்ப எறக்கி நீலத்த ஏத்துனா பார்க்கிறவங்களுக்குச் சோகம் வரும். லோகேஸ்வரன் அண்ணேதான் அப்படிச் செய்யச் சொன்னாரு.”

லோகேஸ்வரன் எங்கள் வட்டார உதவிச் சங்கத்தின் தலைவர். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். என் கணவர் இறந்த பிறகு நான் வீட்டில் சமைத்து விற்கிறேன். எனக்கொரு பெரிய கேஸ் அடுப்பு வாங்கித் தருவதற்காக, சங்க விருந்தில் இந்தப் படத்தைப் போட்டு நன்கொடை கேட்பதாக இருந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் ஏழை வீடு என்றால் அது அழுது வடிய வேண்டும் அவருக்கு.

“கண்ணு கலங்குனாத்தான் கை பைக்குள்ள போகும், தனுஜா. அடுப்பு வேணுமா வேணாமா?”

“வேணும்ண்ணே. ஆனா இந்தக் கறியப் பார்த்தவன் நாளைக்கு எங்கிட்ட சாப்பாடு வாங்குவானா? அடுப்பக் குடுத்துட்டு பொழப்பக் கெடுக்கிறீங்களே!”

“அதெல்லாம் யாரும் கவனிக்க மாட்டாங்க லா.”

“நான் கவனிச்சேனே! இதத்தான் போடுவீங்கன்னா, எனக்கு அடுப்பே வேணாம். படத்த அழிச்சிடுங்க.”

என் பழைய அடுப்பில் ஒரு பக்கம் எரிவதே இல்லை. ஆனாலும் சொன்ன சொல்லை நான் திரும்ப வாங்கவில்லை.

யுகேந்திரன் தான் மாற்றிய நிறங்களை ஒரே தட்டில் நீக்கினான். சுவர் மஞ்சளானது. என் முகத்தில் ரத்தம் ஏறியது. சட்டியில் கறி செக்கச்செவேலென்று கொதித்தது. மேலே எண்ணெய் மினுங்க, நடுவில் வெண்டைக்காய் பச்சையாக மிதந்தது.

நிறம் மங்கிய படத்தைப் பார்த்து உச்சுக்கொட்டிய லோகேஸ்வரன் இப்போது எச்சில் விழுங்கினார்.

“அது என்ன மீனு, தெங்கிரியா?”

“தெங்கிரிதான், வஞ்சிர மீனு. விருந்துச் சமையல எங்கிட்ட குடுங்கண்ணே. எனக்காக யாரும் அழ வேணாம், சாப்பிட்டுட்டுக் காசு குடுக்கட்டும். அடுப்ப நானே வாங்கிக்கிறேன்.”