நாளுக்கு நாற்பதாயிரம் காலடி

ஸ்டெபியின் வருகைப்பதிவு அறுபத்தெட்டு சதவீதம். ஹால் டிக்கெட்டுக்கு எழுபத்தைந்து வேண்டும். குறைந்ததெல்லாம் காலையில் முதல் வகுப்பில் போனது. விடிய விடிய ரீல்ஸ் பார்க்கிறவளுக்கு ஒன்பது மணி என்பது நடுச்சாமம்.

கல்லூரியில் ஞானதீபம் மேம் ஒரு வழி சொன்னார். மாணவர்களின் போன் பழக்கமும் உடல்நலமும் பற்றி அவர் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். திங்கள் முதல் ஞாயிறு வரை, நாளுக்கு ஒரு மணி நேரத்தோடு போனை நிறுத்திக்கொண்டால் வருகைக் குறைவுக்கான விலக்குக் கடிதத்தில் கையெழுத்துப் போடுவார். சாட்சிக்கு ஒரு ஆப். அது கேட்ட அனுமதிக்கெல்லாம் ஸ்டெபி படிக்காமலே சரி, சரி என்று தட்டினாள்.

“ஒரு மணி நேரம் எதுக்கு மேம்? தொடவே மாட்டேன்.”

அன்று சாயங்காலம் திரேஸ்புரம் கடற்கரையில், மீன்பிடிக்கிற அண்ணன் பெனிஸ்டனிடம் போனை நீட்டினாள். வீட்டில் கிடந்தால் கை தானாகப் போகும்.

“ஏளா, இத வச்சு நான் மீனா பிடிக்க?”

“கடலுக்குக் கொண்டு போ. வந்ததும் உன் பெட்டில வச்சுப் பூட்டு. அழுதாலும் தராத.”

அழவேண்டிய அவசியம் வரவில்லை. அம்மா இசபெல்லாவின் போன் இருந்தது. புதன்கிழமையே அம்மா கத்தினாள்.

“பூசை பாக்கத் திறந்தா எவனோ கெடந்து ஆடுதான். என்னளா பண்ணிவச்சிருக்க என் போன?”

விடியற்காலை நாலு மணிக்கு ஸ்டெபியின் போன் பாலித்தீன் பைக்குள் வள்ளமேறிற்று. மத்தியானம் கரைக்கு வந்து பெட்டிக்குள் போயிற்று. ஞாயிறன்று ஊரில் யாரும் கடலுக்குப் போவதில்லை. போன் பெட்டியிலேயே கிடந்தது.

மறுநாள் மேம் அறைக்கு ஸ்டெபி பேனாவோடு போனாள்.

“ஏழு நாளும் ஸ்க்ரீன் டைம் பூஜ்யம்” என்றார் மேம்.

ஸ்டெபி அடக்கமாகத் தலையைக் குனிந்தாள்.

“நடைதான் பிரமாதம். நாளுக்கு நாற்பதாயிரம் அடி.”

“நடையா மேம்?”

“ஆப் அதையும் எண்ணும். விடியக்காலம் நாலு மணிக்கு ஆரம்பிச்சு மத்தியானம் வரைக்கும் நடந்திருக்க. என் வகுப்புல தூங்கிக்கிட்டு இருந்த நேரத்துலயும் நடந்திருக்க.”

ஸ்டெபிக்கு விஷயம் புரிந்தது. வள்ளம் ஆடிய ஒவ்வொரு ஆட்டத்தையும் அந்தச் சனியன் காலடி என்று எண்ணியிருக்கிறது.

“உடம்பு குறையட்டும்னு மேம்.”

“சரி. ஞாயித்துக்கிழமை ஒரு அடிகூட இல்லையே. பாத்ரூமுக்கும் போகலியா?”

ஸ்டெபி ஜன்னலைப் பார்த்தாள்.

“நான் கடல் இல்லாத நாசரேத்காரிதான்” என்றார் மேம். “ஆனா இருபது வருசமா இந்த ஊர்ல மீன் வாங்குதேன். ஞாயித்துக்கிழமை மட்டும் யாரு கடலுக்குப் போகமாட்டாங்கன்னு தெரியும். யாரு வள்ளம்?”

“அண்ணன் வள்ளம் மேம்.”

“நீ யாரு போன பாத்த?”

“அம்மா போன.”

மேம் பேனாவை மூடினார்.

“மறுபடியும் ஏழு நாள். அம்மா போன்லயும் ஆப் போடணும். போன் உன் கையிலயே இருக்கணும். அந்த நாற்பதாயிரத்தையும் நீயே நட. அப்பதான் கையெழுத்து.”

“நாற்பதாயிரமா? திருச்செந்தூர் பக்கம் போயிருவேன் மேம்!”

“இருபது.”

“அஞ்சு மேம். கால் ஒடிஞ்சிரும்.”

“பதினஞ்சு.”

“எட்டு. இதுக்கு மேல கட்டாது மேம்.”

மீன் ஏலம்போல இழுத்து, பத்தாயிரத்தில் முடிந்தது.

அன்றே கல்லூரியிலிருந்து நடந்து வந்தாள். கெண்டைக்கால் கல்லாகிவிட்டது. போன் ஆறாயிரத்து இருநூறு என்றது. கரையில் பெனிஸ்டன் வலையில் சிக்கல் எடுத்துக்கொண்டிருந்தான். விஷயத்தைக் கேட்டு வயிற்றைப் பிடித்துச் சிரித்தான்.

“கோட்டிக்காரி, என்னத்துக்கு நடக்க? வள்ளத்துல ஏறி உக்காரு. மிச்சத்தக் கடல் நடந்துக்கிடும்.”

ஸ்டெபி நாலு பக்கமும் பார்த்தாள். முழங்கால் தண்ணீரில் இறங்கி வள்ளத்தில் ஏறினாள். போனை மடியில் வைத்துக் காத்திருந்தாள்.

அன்றைக்குப் பார்த்துக் காற்றே இல்லை. கடல் தரைபோலக் கிடந்தது. அரை மணி நேரமாகியும் ஆறாயிரத்து இருநூறுதான். ஏறியிருக்கிறதா என்று திறந்து திறந்து பார்த்ததில் ஸ்க்ரீன் டைம்தான் ஏறியிருந்தது.

“அண்ணே, வள்ளத்தக் கொஞ்சம் ஆட்டேன்.”

“போளா. எனக்கு வேல கெடக்கு.”

ஸ்டெபி இறங்கினாள். நனைந்த சுடிதார் காலில் ஒட்டியது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கரையோரமாக நடக்கத் தொடங்கினாள். இன்னும் மூவாயிரத்து எண்ணூறு அடி. அதுவும் முதல் நாளைக்கு மட்டும்.