மச்சானுக்குக் காட்டிய பச்சை

புல்லுக்குத் தண்ணீர் ஊற்றிய குற்றத்துக்காக ஒரு மனுசன் நற்கருணை வாங்காமல் இருப்பானா? ஜெசிந்தன் இருந்தான். மாதம் ஒருமுறை நடக்கும் தமிழ்ப் பூசையில் எல்லோரும் எழும்பி வரிசையில் போக, அவன் மட்டும் கோயில் வாங்கிலேயே குந்தி, தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டு இருந்தான். வாங்கிக்கொண்டு திரும்பிய மனைவி லவினியா பார்த்த பார்வையை அவன் கண்டும் காணாததுபோல் விட்டுவிட்டான்.

விசயம் இதுதான். ஜெசிந்தன் ஜெர்மனியின் வடகடலோரத்தில், மணல்மேடுகளுக்கு நடுவே கிடக்கும் ஒரு கோல்ஃப் மைதானத்தில் புல் பராமரிக்கிறவன். அவனுக்கு மேலே பொறுப்பாக இருந்தவள் இம்கெ. மருந்தும் வேண்டாம், உரமும் வேண்டாம், புல் சாகாத அளவுக்குத் தண்ணீர் போதும், தாகத்தில்தான் கடற்கரைப் புல் வேரை ஆழமாக விடும் என்று கிளப் நிர்வாகசபையோடு மல்லுக்கட்டி அனுமதி வாங்கியவள். அவள் சொன்னபடியே நடந்தது. கோடையில் புல் வைக்கோல் நிறத்துக்கு வந்தது, மழை பெய்ய மறுபடி எழும்பியது, காணாமல்போன வானம்பாடிகள்கூடத் திரும்பி வந்தன. ஜெசிந்தனும் அந்த முறையை மனதார நம்பினான். நம்பிக்கொண்டே இப்படிச் செய்தான் என்பதுதான் கொடுமை.

போன கோடையில் இம்கெ விடுமுறைக்கு டென்மார்க் போயிருந்தாள். அந்த நேரம் பார்த்து டுசல்டோர்ஃபிலிருந்து லவினியாவின் அண்ணன் யோசப், குடும்பத்தோடு வாறன் என்று போன் எடுத்தார். யோசப் லேசுப்பட்ட ஆளில்லை. கார் கழுவினாலும் படம், நண்டுக்கறி வைத்தாலும் படம், அது உடனே சொந்தக்காரர் எல்லோருடைய போனுக்கும் போய்விடும். அவரிடம் ஜெசிந்தன் முந்தியே வாய் கூசாமல், "மைதானம் முழுக்க என்ர பொறுப்பிலதான் மச்சான்" என்று அளந்து விட்டிருந்தான்.

இப்போது மைதானம் முழுக்கப் பழுப்பு. "இதைத்தானே ஐசே பராமரிக்கிறீர்? கருகிப்போய்க் கிடக்குது!" என்று மச்சான் கேட்டால்? இது இப்படித்தான் இருக்கவேண்டும் என்று சொல்லி விளங்கப்படுத்தலாம். ஆனால் யார் கேட்பார்கள்? மன்னார் வெயிலில் காய்ந்த தரையைப் பார்த்துச் சலித்துப்போன சனத்துக்கு வெளிநாடு என்றால் பச்சை. பச்சை இல்லாவிட்டால் மானம் கப்பலேறிவிடும் என்று இவனே முடிவு கட்டிவிட்டான்.

கொட்டில் மூலையில் கேட்பாரற்றுக் கிடந்த பழைய உர மூட்டையை உடைத்தான். பந்து விழும் கடைசிக் குழியைச் சுற்றியிருந்த வட்டத் தரைக்கு மட்டும் உரத்தை அள்ளி எறிந்தான். கூட வேலை செய்கிறவர்கள் வீட்டுக்குப் போனபிறகு, அந்தக் கிழமை முழுக்கக் குழாயைப் பிடித்துத் தண்ணீர் அடித்தான். புல் பேய்போல எழும்பியது. மச்சான் வந்தார். "அட, கம்பளம் மாதிரியல்லோ கிடக்குது!" என்று வாயைப் பிளந்தார். எல்லோரையும் அதில் நிறுத்திப் படம் எடுப்பித்தார். நடுவில் ஜெசிந்தன், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, வெட்கமே இல்லாமல்.

இம்கெ திரும்பி வந்தபோது அந்த வட்டம் சொதசொதத்து, பூஞ்சணம் பிடித்து, திட்டுத் திட்டாக அழுகிக் கிடந்தது. மற்ற இடமெல்லாம் புல் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கிளப் உணவகத்தின் கண்ணாடிக்கு நேரே இருப்பது கடைசிக் குழிதானே? கோப்பி குடிக்க வருகிற ஒவ்வொருவரின் கண்ணிலும் அதுதான் விழுந்தது. நிர்வாகசபை கூடி, இம்கெயின் முறை சரிவரவில்லை, இனி மருந்து அடிப்போம் என்று தீர்மானித்தது. மருந்து அடிக்கிற இடத்தில் நான் இல்லை என்று இம்கெ விலகல் கடிதம் கொடுத்தாள்; இன்னும் சில கிழமைகள்தான் வேலைக்கு வருவாள்.

இவ்வளவுக்கும் ஜெசிந்தன் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் வேலை போய்விடும் என்ற பயம். இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு காலையும் போவான். அவள் "மொயின், ஜெசிந்தன்" என்று வணக்கம் சொல்லிச் சிரிப்பாள். அதோடு சரி.

மச்சானாவது சும்மா இருந்தாரா? அந்தப் படத்தைக் கன்வஸ் துணியில் பெரிதாக அடித்து அனுப்பிவிட்டார். லவினியா அதைச் சாப்பாட்டு மேசைக்கு நேரே சுவரில் கொழுவினாள். அன்றிலிருந்து ஜெசிந்தன் சோற்றுக் கோப்பையைப் பார்த்தபடியே சாப்பிட்டான்.

"அந்தப் பிள்ளை வேலைய விட்டிட்டுப் போகுது, ஒரு நேரச் சாப்பாடு குடுக்காமல் அனுப்புறதே?" என்று லவினியா இம்கெயைச் சனிக்கிழமை மத்தியானம் சாப்பிடக் கூப்பிட்டாள். அன்று காலை ஜெசிந்தன் கதிரையில் ஏறிப் படத்தைக் கழற்றினான்.

"ஏனப்பா அதைக் கழட்டுறீங்கள்?"

கதிரையில் நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். லவினியா அகப்பையைக் கீழே வைத்தாள்.

"அதுதான் பூசையில எழும்பாம இருந்தனீங்களோ?"

"ஓம்."

"என்னட்டச் சொல்லி என்ன பிரயோசனம்? கேக்க வேண்டிய ஆள் இப்ப வரப்போறா."

அவன் படத்தைத் திரும்பவும் அதே ஆணியில் கொழுவினான்.

இம்கெ ஜாக்கெட்டைக் கழற்றுவதற்கு முன்பே அவளைப் படத்துக்கு முன்னால் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினான். "இது என்ர வேலை," என்று ஜெர்மனில் சொன்னான். "நீ இல்லாத கிழமை. உரமும் போட்டு, தண்ணியும் விட்டனான். மச்சானுக்குக் காட்ட."

இம்கெ படத்தைக் கிட்டப் போய்ப் பார்த்தாள். சுற்றிவர வைக்கோல் நிறம், நடுவில் அந்த ஒரு வட்டம் மட்டும் பச்சை.

"யாராவது தண்ணி விட்டார்களா என்றுதான் நிர்வாகசபையில் முதலில் கேட்டார்கள்," என்றாள். "அப்படி நடந்திருந்தால் என் முறையில் பிழை இல்லை, இன்னொரு கோடை பார்க்கலாம் என்றார்கள்."

"நீ என்ன சொன்னாய்?"

"அந்தக் கிழமை பொறுப்பில் இருந்தது ஜெசிந்தன், அவன் செய்யமாட்டான் என்றேன்."

ஜெசிந்தனுக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போல இருந்தது. அவள் கத்தியிருக்கலாம், ஏசியிருக்கலாம்.

"திங்கட்கிழமை நானே போய்ச் சொல்லுறன்," என்றான்.

"சொன்னால் நம்பமாட்டார்கள்," என்றாள் இம்கெ. "உன்னைப் பற்றி அவ்வளவு சொல்லி வைத்திருக்கிறேன். படத்தையும் கொண்டு போ."

லவினியா சோற்றுச் சட்டியோடு வாசலில் நின்றாள். இம்கெ கழற்றாத ஜாக்கெட்டின் பொத்தான்களைப் பூட்டிக்கொண்டு, சாப்பிடாமல் போவதற்கு அவளிடம் மட்டும் மன்னிப்புக் கேட்டுவிட்டு வெளியே போனாள். ஜெசிந்தன் கதிரையை இழுத்துப் போட்டு ஏறி, படத்தைக் கழற்றி, தன் வேலைச் சப்பாத்துகளுக்குப் பக்கத்தில் சாத்தி வைத்தான்.