இடது பக்கக் கண்ணாடியின் தாய் வீடு

எங்கள் ஊரில் கார்க் கண்ணாடிக்குக் கோபம் வந்தால் தாய் வீட்டுக்குப் போய்விடும். கண்ணாடியின் தாய் வீடு மணல். பக்கத்திலேயே பாலாறு இருப்பதால் அவை ரொம்ப தூரம் போவதில்லை. அந்த வகையில் பள்ளிகொண்டாவில் கார் வைத்திருப்பவர்கள் கொடுத்து வைத்தவர்கள். டயர் கோபித்துக்கொண்டு கிளம்பினால் கன்னியாகுமரிப் பக்கம் ரப்பர் தோட்டம் வரை போய்க் கூட்டிவர வேண்டும். அவ்வளவு தூரம் பஸ் மாறிப் போவானேன் என்று டயர்கள் பெரும்பாலும் பொறுத்துப் போய்விடும்.

நான் பைபாஸ் ஓரத்தில் கடை வைத்திருக்கிறேன். கார்க் கதவில் கண்ணாடி ஏற்றி இறக்கும் வேலை மட்டும்தான். இன்ஜின் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை. கண்ணாடி ஏறவில்லை என்று ஒரு வண்டி வந்தால், எடுத்த எடுப்பிலேயே தாய் வீடு என்று நான் சொல்லிவிட மாட்டேன். அப்படிச் சொல்லும் ஆட்கள் இந்த ரோட்டிலேயே இருக்கிறார்கள். எனக்கு அவர்களைப் பிடிக்காது. ஒரு குடும்பத்தைப் பற்றிய விஷயம், பார்த்துத்தான் பேச வேண்டும்.

நாலு கதவும் வேலை செய்யவில்லை என்றால் ஃபியூஸ் போயிருக்கும். ஒரு கதவு மட்டும் என்றால் சுவிட்சைக் கழற்றி வேறு கதவு சுவிட்சை மாட்டிப் பார்ப்பேன். அப்புறம் உள்ளே கூரை விளக்கைப் போட்டுவிட்டுப் பொத்தானை அழுத்துவேன். விளக்கு லேசாக மங்கினால் மோட்டாருக்குக் கரண்ட் போகிறது, ஆனால் எங்கேயோ இறுகிப் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். மோட்டார் கரகரவென்று சுற்றிக் கண்ணாடி அசையாமல் இருந்தால் கேபிள் அறுந்திருக்கும். புது மெஷின் போட்டுவிடலாம். மோட்டார் பாரமே இல்லாமல் ஜாலியாகச் சுற்றினால்தான் தாய் வீட்டைப் பற்றி யோசிக்க ஆரம்பிப்பேன்.

எத்திராஜ் அண்ணனுடைய வண்டியில் இடது முன்கதவு மோட்டார் ஜாலியாகச் சுற்றியது.

அவர் பாத்திரக்கடைக்காரர். கடைவீதியில் அவர் கடைப் பாத்திரங்களில் முகம் பார்த்துத் தலை சீவிக்கொள்ளலாம். காலையில் துடைப்பார், மத்தியானம் துடைப்பார், கடையை மூடும்போதும் ஒரு தடவை துடைப்பார். தூசி என்ற சொல்லை அவர் எதிரியின் பெயரைச் சொல்வதுபோலத்தான் சொல்வார். மற்றபடி தங்கமான மனுஷன்.

வழக்கமாக அவர் வீட்டிலிருந்து என் கடைக்குப் பத்து நிமிஷத்தில் வந்துவிடலாம். அன்று அரைநாள் ஆனது. அவர் மனைவி மரகதம் அக்கா இடது பக்கம் உட்கார்ந்து, "பைக் எதுவும் வரலை, திரும்புங்க" என்று சொன்னால்தான் அவருக்கு இடது பக்கம் திரும்ப வரும். அக்கா வண்டியில் ஏற மாட்டேன் என்று சொல்லிவிட்டதால் அவர் வலது பக்கமாகவே திரும்பித் திரும்பி வந்து சேர்ந்தார். அக்கா ஷேர் ஆட்டோவில் வந்து அவருக்கு முன்னாலேயே என் கடை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

"அந்தக் கண்ணாடி இல்லாத சீட்ல நான் உக்கார மாட்டேன் சம்பங்கி" என்றார் என்னிடம். புருஷன் பக்கம் அவர் முகமே திரும்பவில்லை.

கதவின் உள் அட்டையைக் கழற்றினேன். மெஷின் நன்றாக இருந்தது. கேபிள் நன்றாக இருந்தது. கண்ணாடியைப் பிடித்திருக்க வேண்டிய கிளிப்புகள் சும்மா நின்றன. கதவின் அடியில் ஒரு பிடி மணல் கிடந்தது. நைஸான, வெளுத்த, பாலாற்று மணல்.

"இன்னா சம்பங்கி?" என்றார் எத்திராஜ் அண்ணன்.

"தாய் வீடுதான் அண்ணா."

"அடப்பாவி. நான் அதுக்கு இன்னா கொறை வெச்சேன்?"

அவர் பக்கத்துக் கதவைப் பார்த்தேன். ஓட்டுகிறவர் கதவில் எல்லாக் கண்ணாடிக்கும் சுவிட்ச் இருக்கும். அதற்கு மேல் ஒரு பூட்டுப் பொத்தான். அதை அழுத்திவிட்டால் மற்ற கதவுகளில் இருப்பவர்கள் சுவிட்சை எவ்வளவு அழுத்தினாலும் ஒன்றும் நடக்காது. மற்ற பொத்தான்கள் எல்லாம் புதிதாக இருக்க, பூட்டுப் பொத்தானின் மேல் இருந்த படம் மட்டும் தேய்ந்து அழிந்துபோயிருந்தது.

"அவ எறக்குவா. நான் ஏத்துவேன்" என்றார். "ரோட்ல எவ்ளோ தூசி. மறுபடி எறக்குவா. எத்தினி வாட்டி ஏத்தறது? பூட்டிட்டேன்."

கண்ணாடிக்கு இதுதான் ஆகாது. ஒரே நேரத்தில் ஒருத்தர் இறங்கு என்கிறார், ஒருத்தர் ஏறு என்கிறார். அது யார் பேச்சைக் கேட்கும்? கடைசியில் பூட்டு வேறு. எனக்கு எத்திராஜ் அண்ணன் மேல் கோபம் வரவில்லை. தூசியைக் கண்டால் அவர் கை தானாகப் போய்விடும், பாவம்.

"புதுசு ஒண்ணு போட்ரு" என்றார்.

"பழசு உசுரோட இருக்கும்போது எப்படிண்ணா போடறது?" என்றேன். போன வருஷம் ஒருத்தர் அவசரப்பட்டு அப்படிப் போட்டுவிட்டார். பழைய கண்ணாடி ஆற்றில் இருக்கிறது, புதியது கதவில் இருக்கிறது. இன்றைக்கும் அந்தக் கதவு எந்நேரமும் கடகடவென்று ஆடிக்கொண்டிருக்கிறது. அவர் வீட்டில் யாரும் முன்சீட்டில் உட்காருவதில்லை.

மரகதம் அக்கா அப்போது ஒன்று சொன்னார். "அதுக்காச்சும் போறதுக்கு ஒரு எடம் கீது. பேர்ணாம்பட்டுல எங்க அம்மா வீட்டை எங்க அண்ணன் வித்துட்டான். இப்போ அங்க செல்போன் கடை. எனக்குக் கோவம் வந்தா நான் போய் சார்ஜர் வாங்கிட்டுத்தான் வரணும்." சொல்லிவிட்டுச் சிரித்தார். எங்கள் இரண்டு பேருக்கும் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் காலையில் மூன்று பேரும் ஆற்றுக்குப் போனோம். நான் வண்டி ஓட்டினேன், அக்கா ஷேர் ஆட்டோவில் வந்தார். தாம்பாளத்தில் வாழைப்பழம், வெற்றிலைபாக்கு, கொஞ்சம் மல்லிகைப்பூ. தாம்பாளம் அண்ணன் கடையில் இருந்து வந்தது, கண் கூசியது. கண்ணாடிக்குப் பூ எதற்கு என்று சிலர் கேட்பார்கள். பூ கண்ணாடிக்கு இல்லை, அம்மாவுக்கு. மகளைக் கூப்பிடப் போகும்போது வெறுங்கையோடு போக முடியாது.

பாலாற்றில் அன்றும் மணல்தான் ஓடியது. லாரிகள் அள்ளிப்போன பிறகு அம்மா கொஞ்சம் இளைத்துவிட்டாள். அங்கங்கே பள்ளமாக இருந்தது. ஆனாலும் வந்த பிள்ளைகளை எல்லாம் வைத்துக்கொண்டுதான் இருந்தாள். நாணல் புதர் ஓரமாக மணலில் வரிசையாகக் கண்ணாடி விளிம்புகள் தெரிந்தன. சிலதை நான் அறிவேன், கும்பிட்டுவிட்டு நடந்தேன். வேல் ஸ்டிக்கர் ஒட்டிய மூலையைப் பார்த்ததும் மரகதம் அக்கா நின்றுவிட்டார். அந்த ஸ்டிக்கரை ஒட்டியவர் அவர்தான். கண்ணாடி நாலு விரல் அளவுக்கு மேலே நின்றுகொண்டிருந்தது.

தாம்பாளத்தை மணலில் வைத்தேன். "கையால இழுக்கக்கூடாது அண்ணா. இழுத்தா தூள் தூளாயிடும். பேசுங்க."

எத்திராஜ் அண்ணன் தொண்டையைக் கனைத்தார். "எல்லாரும் பாக்கறாங்க, வந்துரு" என்றார்.

கண்ணாடி இரண்டு விரல் கீழே இறங்கியது.

"வாரா வாரம் ஷாம்பூ போட்டுக் கழுவறேன். யார் வீட்ல கழுவறாங்க?"

இன்னும் ஒரு விரல் இறங்கியது. இப்போது ஒரு கோடு மாதிரிதான் தெரிந்தது. நான் பேச்சை மாற்றலாம் என்று பார்த்தேன், ஆனால் இந்த இடத்தில் மெக்கானிக் வாயைத் திறக்கக்கூடாது. குடும்பத்து ஆட்கள்தான் பேச வேண்டும்.

கடையில் வாடிக்கையாளரிடம் பேசுவதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. அண்ணன் நெற்றி வேர்வையைக் கையால் துடைத்தார். கையில் இருந்த மணல் நெற்றியில் ஒட்டிக்கொண்டது. அவர் அதைக் கவனிக்கவில்லை. மணலிலேயே சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டார், வெள்ளை வேட்டியோடு. அவரைத் தெரிந்தவர்களுக்குத்தான் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும்.

"சரி" என்றார் கடைசியில். "உனக்கு எந்த அளவுல நிக்கணும்? நீயே சொல்லு."

கண்ணாடி ஏறத் தொடங்கியது. நல்ல மெஷின் போல ஆட்டமில்லாமல் ஏறியது. சரியாகப் பாதியில் நின்றது.

"பாதியா? அவ்ளோதானா? இதுக்கா இம்மாம் பெரிய..." என்று ஆரம்பித்தவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "சரி, பாதி. நான் தொட மாட்டேன். பூட்டையும் கழட்டிடறேன்."

கண்ணாடி முழுசாக மேலே வந்து மணலில் சாய்ந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எத்தனை தடவை பார்த்தாலும் இந்த இடத்தில் எனக்கு அப்படித்தான். கொண்டுவந்திருந்த போர்வையில் கண்ணாடியைச் சுற்றித் தோளில் சாய்த்துக்கொண்டேன். கிளம்பினோம். மரகதம் அக்கா மட்டும் கிளம்பவில்லை.

"கால் வரமாட்டேங்குது" என்றார்.

கணுக்கால் வரை மணல் பிடித்திருந்தது. பலமாகப் பிடிக்கவில்லை, சாப்பிட்டுவிட்டுத்தான் போகணும் என்று கையைப் பிடிப்பார்களே, அந்த மாதிரி. ஒரு மகளை அனுப்பியதும் அம்மாவுக்கு வீடு வெறிச்சென்று இருந்திருக்கும். எதிரில் போக இடமில்லாத ஒருத்தி நிற்கிறாள்.

"இருக்கச் சொல்றாங்கக்கா" என்றேன்.

அக்காவுக்கு அது முன்பே புரிந்திருந்தது. மணலுக்குள் கைவிட்டுச் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். அவர் முகம் அவ்வளவு நிம்மதியாக இருந்து நான் பார்த்ததில்லை.

"ஏய் மரகதம், இன்னா இது? அதான் கண்ணாடி கெடச்சிருச்சில்ல?"

"கண்ணாடிகிட்ட எந்த அளவு வேணும்னு கேட்டீங்க. நல்லா இருந்துச்சு. இத்தினி வருஷமா பக்கத்துல உக்காந்துகினு வரேன், என்கிட்ட ஒரு வாட்டி கேட்டீங்களா?"

அண்ணன் வேட்டியில் ஒட்டிய மணலைத் தட்டப் போய், தட்டாமல் விட்டார்.

அக்கா இறங்க ஆரம்பித்தார். முழங்கால், இடுப்பு, தோள். ஒரு குலுக்கல் இல்லை. கழுத்து வரும்போது, "பிரிட்ஜ்ல மாவு கீது, புளிக்கறதுக்குள்ள சுட்டுத் தின்னுங்க" என்றார்.

"எப்போ வருவே?"

"கூப்பிட வாங்க, பாக்கலாம்" என்றார். உச்சியில் வைத்திருந்த பூவும் உள்ளே போனது. மணல் சமமாகிவிட்டது. தாம்பாளத்தை அவர் இறங்கிய இடத்துக்கு நகர்த்தி வைத்துவிட்டு வந்தோம்.

அன்று சாயங்காலமே கண்ணாடியை மாட்டிக் கொடுத்தேன். பூட்டுப் பொத்தானையும் கழற்றி, அந்த ஓட்டையை ஒரு மூடியால் அடைத்துவிட்டேன். கண்ணாடி பாதியில் நிற்கிறது. லாரி ஒன்று முன்னால் போனால் தூசி முழுவதும் உள்ளே வருகிறது. அவர் இருமுவார், சுவிட்ச் பக்கம் கை போகாது. அக்கா சீட்டில் தூசி படிந்திருக்கும், அதைத் துடைப்பதில்லை. கேட்டால், "அவ வந்து துடைக்கட்டும், அவ சீட்டு" என்பார்.

தினமும் காலையில் கடையைத் திறப்பதற்கு முன் ஆற்றுக்குப் போகிறார். ஆற்றுப் பாதை ரோட்டில் ஏறும் இடத்தில் இடது பக்கம் திரும்பினால் வீடு. இவரால் முடியாதே. வலது பக்கம் திரும்பி, ஊரைச் சுற்றிக்கொண்டு, வழியில் என் கடையில் நின்று, நடந்ததை என்னிடம் சொல்லிவிட்டுப் போவார். முதல் நாள் அக்காவின் வகிடு மட்டும் தெரிந்ததாம். ஏதோ பேசப் போய், மாவு புளித்துவிட்டது என்று குறை சொல்லியிருக்கிறார், அக்கா உள்ளே போய்விட்டாராம். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. மாவைப் பற்றிப் பேசாதீர்கள் என்று திட்டி அனுப்பினேன். அதற்கப்புறம் அக்கா நெற்றி வரை வந்தார். பிறகு கண் வரை. பூ வாங்கிப் போன நாளில் மூக்கு வரை வந்து, மோந்து பார்த்துவிட்டு இறங்கிவிட்டார்.

நேற்று அண்ணனுக்காகக் காத்திருந்தேன். கடை திறக்கும் நேரம் தாண்டியும் ஆள் வரவில்லை. மனசு கேட்காமல் பாத்திரக்கடைக்கே போனேன். அவர் பாத்திரங்களுக்கு நடுவே சும்மா உட்கார்ந்திருந்தார். துணி கையில் இருந்தது, துடைக்கவில்லை.

"இன்னாண்ணா, இன்னைக்கு வரலை?"

"தோள் வரைக்கும் வந்தா சம்பங்கி" என்றார். "மூக்குத்தியெல்லாம் மணல். நான் ஒண்ணும் சொல்லலை. எந்த அளவு வேணும்னு கேட்டேன். யோசிக்கணும்னா. யோசின்னுட்டு வந்து வண்டியை எடுத்துட்டேன்."

"அப்புறம்?"

"ரோட்டுக்கு ஏறப்போறேன். வலது பக்கம் ஒடிக்கறேன். பின்னாடி மணல்ல இருந்து சத்தம் போடறா. கண்ணாடி பாதி எறங்கி இருந்துச்சா, நல்லாக் கேட்டுச்சு."

"இன்னா சொன்னாங்க?"

"பைக் எதுவும் வரலை, திரும்புங்கன்னா." துணியை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். "லெஃப்ட்ல திரும்பி வந்துட்டேன்."