முப்பத்திரண்டு சுத்தமான நோட்டுகள்

மூன்றாம் வகுப்பு டீச்சர் காலையிலிருந்தே வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேலை தற்காலிகம். இன்று வரும் ஆய்வு அதிகாரி நல்லபடியாக ஒரு வரி எழுதினால் நிரந்தரம். இல்லையென்றால் அடுத்த மாதம் அண்ணனின் ஜவுளிக்கடை. "ஏன் பயப்படுறே? சேலைப் பக்கம் உனக்கொரு ஸ்டூல் போட்டே வச்சிருக்கேன்" என்று அண்ணன் நேற்றும் ஆறுதல் சொல்லியிருந்தான். அந்த ஸ்டூல்தான் அவள் தூக்கத்தைக் கெடுத்தது.

கடையில் வளர்ந்த பழக்கம் பாடத்திலும் போகவில்லை. ஒரு பிள்ளை கதை எழுதினால் பக்கத்துப் பிள்ளைதான் வாடிக்கையாளர். சும்மா தலையாட்டக் கூடாது. 'அழகான நாய்' என்று வந்தால், துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதுபோல, "அழகுன்னா எது? வாலா, காதா?" என்று குடைய வேண்டும். பதில் கிடைத்ததும் பழைய சொல்லை ஒரே கோட்டில் அடித்து, மேலே புதியதை எழுத வேண்டும். ரப்பருக்குத் தடை. மூன்றே வாரத்தில் நோட்டெல்லாம் கோழி கிளறிய மாதிரி ஆகிவிட்டது. அவளுக்குப் பார்க்கப் பார்க்கப் பெருமை.

அதிகாரி வந்தார். நெற்றியிலிருந்த கண்ணாடியை இறக்கி முதல் நோட்டைப் பிரித்தார். இரண்டாவது. மூன்றாவது. டீச்சரும் எட்டிப் பார்த்தாள். எல்லாம் முத்து முத்தான எழுத்து. பேருக்குக்கூட ஒரு அடித்தல் கிடையாது.

"திருத்தி எழுதக் கத்துக்குடுக்கிறதா தலைமையாசிரியை சொன்னாங்க. திருத்தம் எங்கேம்மா?"

முன்பெஞ்சுப் பையன் எழுந்தான். "நீங்கதான டீச்சர் சொன்னீங்க, பெரியவர் வர்றார், நோட்டு சுத்தமா இருக்கணும்னு? எங்கம்மா உக்காந்து அடிச்சதையெல்லாம் அழிச்சுக் குடுத்தாங்க."

"எங்கப்பா புது நோட்டே வாங்கிட்டார்!" என்றது இன்னொரு குரல்.

சொன்னது அவள்தான். சுத்தம் என்றால் அட்டை போட்டு வருவார்கள் என்பது அவள் நினைப்பு. அதிகாரியின் ஒரு புருவம் ஏறியது. 'கதையெல்லாம் நீயே எழுதிக் கொடுத்தாயா?' என்று அது கேட்காமல் கேட்டது.

ஆனால் மனிதருக்கு இன்னும் மூன்று பள்ளிக்கூடம் பாக்கி. பெருமூச்சு விட்டு அறிக்கைத் தாளில் எழுதினார். எதிரே நின்ற டீச்சர் தலைகீழாகவே படித்துவிட்டாள்: 'ஆசிரியை நன்றாகக் கற்பிக்கிறார்.' போன உயிர் திரும்பியது. இனி கையெழுத்துதான்.

அந்த நேரம் பார்த்து, நோட்டைத் திரும்ப வாங்க வந்த சிறுமி அறிக்கைத் தாளின் மேல் தலையை நீட்டினாள். வகுப்பில் அவளுக்குப் பெயர் கேள்விக்குறி.

"நன்றாகன்னா எப்படி சார்?"

"போய் உக்காரு கண்ணு" என்றாள் டீச்சர், பல்லைக் கடித்துக்கொண்டு.

"இருங்க டீச்சர். சார், நீங்க என்ன பாத்தீங்களோ அதை எழுதுங்க. இதுல ஒண்ணுமே தெரியல."

கட்டி முடித்த பொட்டலத்தைப் பிரிக்கச் சொல்கிறாளே, பாவி!

பேனா நின்றது. "பாத்ததை எழுதினா உங்க டீச்சருக்கு ஆகாதேம்மா. நான் பாத்தது வெறும் சுத்தமான நோட்டு."

"இப்பவும் பாத்துக்கிட்டுத்தான இருக்கீங்க?"

அதிகாரி அவளையே பார்த்தார். பிறகு பையில் கைவிட்டு வைட்னரை எடுத்தார். டீச்சர் மேஜை விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள். கண்ணெதிரே ஸ்டூல்.

"அழிக்கக் கூடாது சார்! ஒரே கோடு!" முப்பத்திரண்டு தொண்டையும் ஒன்றாகக் கத்தின.

வைட்னர் பைக்குள் போனது. அவர் ஒரு சொல்லை அடித்து, மேலே நுணுக்கி நுணுக்கி எழுதினார். கை மறைத்ததால் டீச்சருக்கு ஒன்றும் தெரியவில்லை. அவர் தாளைத் திருப்பிக் காட்டினார். 'நன்றாக'வின் நெஞ்சில் ஒரே கோடு. இப்போது வரி இப்படி இருந்தது: 'ஆசிரியை, என் வாக்கியத்தையே பிள்ளைகள் திருத்தும் அளவுக்குக் கற்பிக்கிறார்.'

கேள்விக்குறி படித்துப் பார்த்தாள். "பரவாயில்ல சார். ஆனா இன்னும் கொஞ்சம்..."

டீச்சர் அவள் வாயை உள்ளங்கையால் பொத்தினாள். கையெழுத்து விழும்வரை எடுக்கவில்லை.