பனிமூட்டத்தில் ஒரு முழு வாக்கியம்

குளவி கொட்டினால் ஒரு வாரம் வீங்கும். நாளிதழின் ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தில் 'குளவி' என்னும் புனைபெயரில் ஆங்கிலத்தின் சீரழிவைப் பற்றி எழுதிவந்தவரை அவர் வீட்டாரும் அப்பெயராலேயே குறிப்பிட்டனர். அவர் காதுபட மட்டும் சொல்லமாட்டார்கள். அமைச்சரின் அறிக்கை, வங்கியின் விளம்பரம், துணைவேந்தரின் வாழ்த்துரை என எதையும் அவர் விட்டுவைத்ததில்லை. எழுவாய் ஓரிடத்திலும் பயனிலை வேறிடத்திலுமாகச் சிதறிக் கிடக்கும் வாக்கியங்களைச் சாலை விபத்துபோல விவரிப்பார். ஆங்கிலம் பேசுவோர் பெருகப் பெருக ஆங்கிலம் சுருங்குகிறது. கைப்பேசியைத் தட்டும் விரல்கள் அதன் உயிரெழுத்துகளைத் தின்றுவிட்டன. பள்ளிகளோ பிழைக்குப் 'படைப்பாற்றல்' என்று பெயர் சூட்டி மதிப்பெண்ணும் போடுகின்றன. இவை அவருடைய கட்சி. இவற்றில் ஒன்றைக்கூடப் பொய்யென்று தள்ள முடியாது என்பதுதான் கொடுமை.

அவருடைய பத்தியை வரி விடாமல் படிக்கும் வாசகர் ஒருவர், துறைமுகக் கட்டுப்பாட்டு நிலையத்தின் தலைவர். கப்பல்களோடு வானொலியில் பேசும் தம் பணியாளர்களின் ஆங்கிலத்தைச் செப்பனிட்டுத் தருமாறு அவர் வேண்டினார். ஒலிப்பதிவுகளைக் கேட்ட குளவிக்குக் காது கூசிற்று. ஒவ்வொரு பேச்சுக்கும் முன்னால் 'கேள்வி', 'எச்சரிக்கை', 'உத்தரவு' என்று ஒரு சொல். அதன்பின் மொட்டையாக நாலைந்து சொற்கள். அவற்றையே எதிர்முனையில் இருப்பவர் கிளிப்பிள்ளைபோல் திருப்பிச் சொல்கிறார். பசுவின் படம் வரைந்து கீழே 'பசு' என்று எழுதிவைக்கும் மொழி இது என்று சினந்தார் குளவி. அந்த முன்சொற்களை நீக்குக, கிளிப்பாட்டை நிறுத்துக, நிறைவான, பண்பான வாக்கியங்களில் பேசுக என விதித்தார். ஒரு வாரம் சோதனை; பிறகு அதுவே நிலையான விதி.

அங்கே பேசுபவர்களுள் ஒருத்தி அவருடைய மகள்.

"கயித்துக்கு எதுக்குப்பா ஜரிகை? இழுத்தா அறாம இருந்தா போதாதா?" என்றாள் அவள், சாப்பாட்டு மேசையில்.

"நீ பேசுறது கயிறாம்மா? நார். அதுவும் பாதி நார்."

"கேக்குறவன் ஒவ்வொருத்தனும் ஒவ்வொரு நாட்டுக்காரன். அவன் வீட்டுல வேற பாஷை."

"அதுக்காக நாம எறங்கிப் போறதா? அவன் ஏறி வரட்டும்!"

"ரெண்டு பேரும் முதல்ல சாப்பிட்டு எழுந்திரிங்க. அப்புறமா இங்கிலீஷைக் காப்பாத்தலாம்" என்றார் அம்மா, குழம்புக் கரண்டியோடு.

வானம் தெளிவாக இருந்தவரை புதிய விதி பழுதின்றி நடந்தது. மாலுமிகளுக்குக் கண் இருந்தது. சோதனை முடியும் நாள் காலையில் பனி இறங்கிற்று. அன்றுதான் குளவி தம் தீர்ப்பைச் சொல்ல நேரில் வந்தார்.

உயரமான கட்டடத்தின் உச்சியில் நாற்புறமும் கண்ணாடி போட்ட அறை. கண்ணாடிக்கு வெளியே கடலும் இல்லை, வானும் இல்லை; வெள்ளைச் சுவர் மட்டுமே. உள்ளே இருண்ட திரைகளில் பச்சைப் புள்ளிகள் வாலோடு ஊர்ந்தன. ஒவ்வொரு புள்ளியும் ஒரு கப்பல் என்றார் தலைவர். படிப்பறையில் அமர்ந்து ஒலிப்பதிவை மட்டுமே கேட்டிருந்த குளவி திரையருகே குனிந்தார். அத்தனை பெரிய இரும்பு மலைகள் குருடாக நகர்கின்றன. அவற்றுக்கு வழிகாட்டுவது இந்த அறையின் குரல் மட்டுமே!

ஒரு புள்ளி, கப்பல்கள் செல்லும் ஆழமான கால்வாயை விட்டு விலகி மணல்திட்டை நோக்கிச் சாய்ந்தது. மகள் ஒலிவாங்கியை அழுத்தினாள். தந்தையும் தலைவரும் பின்னால் நிற்க, விதிப்படியே பேசினாள். தாங்கள் சற்று வலப்புறம் திரும்புவது குறித்துக் கருதிப்பார்க்க இயலுமாயின் நாங்கள் பெரிதும் நன்றியுடையவர்களாக இருப்போம் என்னும் பொருளில், ஒரு சொல்லும் பிசகாத ஆங்கிலம். குளவிக்கு மெய்சிலிர்த்தது.

"எஸ், எஸ். தேங்க்யூ. குட் மார்னிங்" என்றார் கப்பல் தலைவர், இன்முகத்தோடு பேசுபவரைப்போல.

புள்ளி திரும்பவில்லை.

அவள் அதே வாக்கியத்தை நிறுத்தி நிதானமாக மீண்டும் சொன்னாள். "யூ ஆர் வெரி கைண்ட்" என்றது குரல். வால் நேராகவே நீண்டது.

"அதுல என்ன இருக்கு?" என்றார் குளவி தாழ்ந்த குரலில்.

"எரிவாயு சார். ஆளுங்களும் இருக்காங்க." தலைவர் திரையைப் பார்க்கவில்லை, விதி வகுத்தவரைப் பார்த்தார்.

மகளும் திரும்பினாள். "அப்பா."

அந்த ஒரு சொல்லில் கேள்வியும் இருந்தது, எச்சரிக்கையும் இருந்தது.

"உன் மாதிரியே பேசும்மா. சீக்கிரம்!"

அவள் குரல் மாறிற்று; முன்னே ஆழமில்லை, வலப்புறம் திரும்பு என்பதே சேதி. "வார்னிங். ஷாலோ வாட்டர் அஹெட். இன்ஸ்ட்ரக்‌ஷன். டர்ன் ஸ்டார்போர்டு. டர்ன் ஸ்டார்போர்டு."

ஒரு கணம் இரைச்சல். பிறகு, உறக்கம் கலைந்ததுபோல் அந்தக் குரல் எழுந்தது: "இன்ஸ்ட்ரக்‌ஷன் ரிசீவ்டு. டர்ன் ஸ்டார்போர்டு." அவள் அவற்றையும் அழைத்து எச்சரிக்க, பின்னால் வந்த இழுவைப் படகும், எதிரே காத்திருந்த சரக்குக் கப்பலும் தத்தம் பங்குக்குச் சேதியைத் திருப்பிச் சொல்லின. ஒவ்வொரு குரலிலும் வேறொரு தாய்மொழியின் மேடுபள்ளம், சொற்களோ அவையே. கிளிப்பாட்டு என்று தாம் இகழ்ந்தது என்னவென்று குளவிக்கு இப்போது விளங்கிற்று. வீசிய கயிற்றின் நுனியைப் பிடித்தவன், பிடித்துவிட்டேன் என்று இழுத்துக்காட்டுகிறான். இதைவிடக் கண்டிப்பான இலக்கணத்தை அவர் எந்த நூலிலும் கண்டதில்லை.

திரையில் பச்சை வால் நகக்கண் அளவு வளைந்தது. பின் இன்னும் சற்று. மணல்திட்டின் விளிம்பை ஒட்டி, அந்தப் புள்ளி தப்பிச் சென்றது.

சிறிது நேரத்தில் வெள்ளைச் சுவர் கறுத்தது. அதிலிருந்து கப்பல் வெளிப்பட்டது. ஒரு தெருவே எழுந்து நடந்து வந்ததுபோல், கண்ணாடியை நிறைத்துக்கொண்டு, ஓசையின்றி. குளவி தம்மையறியாமல் கைகூப்பினார்.

வானொலி கரகரத்தது. "ஸ்டேஷன், ஃபர்ஸ்ட் டைம் நோ அண்டர்ஸ்டாண்டு. நவ் யுவர் இங்கிலீஷ் வெரி குட்."

மகள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். மற்ற இருக்கைகளில் இருந்தவர்கள் தத்தம் திரையில் மிகுந்த அக்கறை காட்டினார்கள். அந்த வாக்கியத்தின் வினைச்சொல் எங்கே என்று குளவி தேடவில்லை.

"சார், அந்தப் புது விதிங்க..." என்று இழுத்தார் தலைவர்.

"கிழிச்சுப் போடுங்க. இந்த வாரம் குளவி தன்னையே கொட்டிக்கட்டும்." அவர் மகளின் பக்கம் திரும்பினார். "இங்க கொஞ்ச நேரம் உக்காந்து கேக்கலாமா?"

"உக்காருங்கப்பா. ஆனா வாயத் திறக்கக் கூடாது."

அவர் அமர்ந்தார். பனிக்குள்ளிருந்து அடுத்த குரல் அழைத்தது.